எரியாமல் மிஞ்சிய தெற்குக் கூடம்

யாங்கிசோய் நகரத்து அருங்காட்சியகம் ஒரு திங்கட்கிழமை எரிந்தது. திங்கட்கிழமை அதற்கு வார விடுமுறை. விடுமுறை நாளில் உள்ளே நடந்த எதற்கும் தாங்கள் பொறுப்பாக முடியாது என்று ஊழியர்கள் அத்தனை பேரும் பிற்பாடு ஒரே குரலில் சொன்னார்கள். விசாரிக்க வந்த அதிகாரிக்கும் அது நியாயமாகவே பட்டது.

புகையை முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டு ஹம்ராகுல். ரொட்டி சுடுவது அவர் தொழில். தொழிலில் கைதேர்ந்தவர்களை அந்த ஊரில் உஸ்தா என்று கூப்பிடுவார்கள். தேராதவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அவருக்கு அதில் பெரிய பெருமை ஒன்றும் கிடையாது. அருங்காட்சியகத்தின் மதில்தான் அவர் வீட்டு முற்றத்துக்கும் மதில். அதையொட்டித் தந்தூர் அடுப்பு. காலையில் இரண்டாம் ஈடு ரொட்டியை எடுத்துவிட்டு நிமிர்ந்தவர், அடுப்பில் பருத்திமார் விறகு அணைந்த பிறகும் புகை போகிறதே என்று அண்ணாந்து பார்த்தார். அது மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கூரையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

ஓடிப் போய் வாசலில் நின்ற காவலாளியிடம் சொன்னார்.

"இன்னைக்கு லீவு, உஸ்தா. நாளைக்கு வாங்க."

"உள்ள எரியுதுப்பா."

"அதுக்கு நான் என்னண்ணே பண்றது? சாவி டைரக்டர்கிட்ட இருக்கு. டைரக்டர் கல்யாணத்துல பிலா சோத்து விருந்துக்குப் போயிருக்காரு. பந்தியில உக்காந்துட்டா போனை எடுக்க மாட்டாரு."

தீயணைப்பு வண்டியும் வந்தது. வண்டியில் தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கும், மீதியை அருங்காட்சியகத் தோட்டத்துத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தத் தொட்டியில் சுண்ணாம்பில் செய்த இரண்டு அன்னங்களை வைத்திருந்தார்கள். தண்ணீர் பட்டால் அன்னத்தின் சாயம் போய்விடும் என்று பல வருஷமாகத் தொட்டியைக் காயப்போட்டிருந்தார்கள். ஹம்ராகுலும் அவர் மனைவி ஓய்னிசாவும் மாவு பிசைகிற அண்டாக்களில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்கள். மஹல்லா என்கிற அந்தப் பேட்டையே திரண்டு வந்து வாளி கை மாற்றியது. ஹம்ராகுலின் புருவம் கருகியதுதான் மிச்சம். மத்தியானத்துக்குள் கூரை விழுந்தது, கூரைமேல் குமிழ்க் கோபுரம் விழுந்தது, அன்னங்கள் மட்டும் சாயம் போகாமல் நின்றன.

அந்தக் கட்டடத்தை அழகென்று யாரும் சொன்னதில்லை. ஜார் காலத்தில் ஒரு படைத்தளபதிக்காகக் கட்டியது. வரைபடம் பீட்டர்ஸ்பர்க்கில் போட்டார்கள். போட்டவர் இந்த ஊரைக் கண்ணால் கண்டவர் இல்லை, ஊரில் ஓடும் வாய்க்கால் அவர் காகிதத்தில் இல்லை. முகப்பு வாசல் நேரே வாய்க்காலுக்குள் திறந்தது. திறப்பு விழா அன்று தளபதி கம்பீரமாக வெளியே வந்து முழங்கால் தண்ணீரில் இறங்கினார் என்பார்கள். அன்றிலிருந்து எல்லோரும் சமையல்கட்டு வழியாகத்தான் போய்வந்தார்கள். பிறகு அது அதிகாரிகள் கேளிக்கை மன்றமாகி, புரட்சிக்குப் பின் கோதுமைக் கிடங்காகி, கடைசியில் அருங்காட்சியகமாகியது. ஆனாலும் ஊரில் கல்யாணமான எவரும் அதன் பக்கவாட்டுப் படிகளில் நின்று படம் எடுக்காமல் இருந்ததில்லை. ஹம்ராகுலும் ஓய்னிசாவும் எடுத்திருக்கிறார்கள். படி வெடித்துப் பிளந்தபோது இரண்டு பேருக்கும் அழுகை வந்தது.

கருகிய சுவர்களாவது மிஞ்சின. இரண்டு வாரம் கழித்து அமைச்சர் ஒருவர் துக்கம் விசாரிக்க வருவதாகச் செய்தி வந்தது. துக்கமான காட்சியை அமைச்சருக்குக் காட்டுவது மரியாதையல்ல என்று நகரத் தலைவரான ஹாக்கிம் நினைத்தார். ஒரே நாளில் புல்டோசர் விட்டுச் சுவர்களை வழித்து, மண்ணை நிரவி, பச்சைப் புல் விரிப்பை உருட்டிவிட்டார்கள். அமைச்சர் காரிலிருந்து இறங்காமலேயே புல்லைப் பார்த்து, "நல்லாப் பராமரிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அருங்காட்சியக இயக்குநர் சலாஹிதீன் வாசிகோவிச் மஹல்லாவின் தேநீர்க்கடையில் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கினார். பருத்த மனிதர், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார், எதிரே இருப்பவர்கள் கலைந்து போனாலும் அவருக்குத் தெரியாது.

"மதிப்புக்குரியவங்களே, ஒரு புராதனக் கட்டடத்தோட ஒரு பாகமாவது நின்னுச்சுன்னா அதுக்குப் பேரு சேதமடைந்த சின்னம். சேதமடைந்த சின்னத்துக்கு இயக்குநர் உண்டு, ஊழியர் உண்டு, பட்ஜெட் உண்டு. ஒண்ணுமே நிக்கலைன்னா அது இழந்த சின்னம். இழந்ததுக்கு இரங்கல் மட்டும்தான். நாங்க இத்தனை பேரு இரங்கலை வச்சு எப்படிக் குடும்பம் நடத்துறது?"

ஆகவே கட்டட வரலாற்று ஆணைக்குழு என்று ஒன்று அமைந்திருப்பதாகவும், அதற்குத் தானே தலைவர் என்றும் சொன்னார். கட்டடத்தின் முழு வரலாற்றையும் எழுதி, எங்கேயாவது ஒரு பாகம் மிஞ்சியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. வரலாற்றை எழுதுகிறவர் முனவ்வர் ஹைதரோவ்னா என்ற ஆராய்ச்சியாளர் அம்மாள். அவரும் எழுந்து இரண்டு வார்த்தை பேசினார்.

"கட்டடம் இருந்த வரைக்கும் என்னால ஒரு பக்கம்கூட எழுத முடியலைங்க. எதை எழுதினாலும் யாராவது போய் எட்டிப் பாத்துட்டு, அங்க அப்படி இல்லையேன்னு வந்து நிப்பாங்க. இப்பதான் ஆராய்ச்சிக்கு ஏத்த சூழ்நிலை வந்திருக்கு."

தேநீர்க்கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஹம்ராகுலும் தட்டினார். கல்வி பெற்றவர்கள் பேசினால் தட்டுவது வழக்கம்.

அடுத்த வியாழக்கிழமை ஆணைக்குழு அவர் வீட்டுக்கு வந்தது. மதிலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மதிலின் அந்தப் பக்கம் புல்டோசர் வேலையில் இடிந்து போயிருந்தது. இந்தப் பக்கம் ஹம்ராகுல் போன வருஷம்தான் புதிதாகச் செங்கல் வைத்துக் கட்டியிருந்தார். செங்கல்லில் ஆலையின் பெயரும் ஆண்டும் பளிச்சென்று இருந்தன. ஆணைக்குழுத் தலைவரின் முகம் வாடிப்போனது. வீட்டுக்கு வந்தவர் முகம் வாடுவதை ஹம்ராகுலால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பந்தலடியில் விரிப்பைப் போட்டு, சூடான ரொட்டியும் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் பச்சைத் தேநீரும் வைத்தார். ஓய்னிசா பிலாவுக்கு அரிசி களைந்தாள். மஹல்லாத் தலைவரையும் துணைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

இரண்டு கவளம் உள்ளே போனதும் சலாஹிதீன் வாசிகோவிச்சுக்கு முகம் தெளிந்தது. வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார்.

"அருமையான வீடு, உஸ்தா. என்ன கனமான சுவரு. உள்ள வந்ததும் ஒரு குளுமை."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். விருந்தாளி ஒரு பொருளை மெச்சினால், வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்து, 'உங்களுடையதுதான், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டும். விருந்தாளி உடனே, 'உடையவருக்கே நிலைக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். அத்துடன் விஷயம் முடிந்தது. குதிரையை மெச்சினாலும் அப்படித்தான், கம்பளத்தை மெச்சினாலும் அப்படித்தான், மகனை மெச்சினாலும் அப்படித்தான். இத்தனை தலைமுறையாக எவரும் எதையும் தூக்கிக்கொண்டு போனதில்லை.

ஹம்ராகுல் நெஞ்சில் கை வைத்தார்.

"உங்களுடையதுதாங்க. எடுத்துக்குங்க."

சலாஹிதீன் வாசிகோவிச் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கண்ணைத் திறந்தபடியே பேசினார் என்பதை ஹம்ராகுல் பிற்பாடுதான் நினைத்துப் பார்த்தார்.

"எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்" என்றார் முனவ்வர் ஹைதரோவ்னா.

ஹம்ராகுல் பதில் வார்த்தைக்காகக் காத்திருந்தார். வரவில்லை. தலைநகரில் படித்த மனிதர், மரபு மறந்துபோயிருக்கும், நாலு பேர் முன்னால் அவருக்குத் தலைகுனிவு வேண்டாமே என்று நினைத்தார். இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிற மாதிரி, குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார்.

"சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லலைங்க. மனசாரச் சொல்றேன். இது உங்க வீடு."

"ரெண்டாவது தடவையும் உறுதி செய்தார், மனமுவந்து" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் அந்த அம்மாள். மஹல்லாத் தலைவர் வாயில் பிலாவுடன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தேநீருக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாராம்.

பத்து நாளில் வாசலில் பித்தளைத் தகடு வந்து ஏறியது. 'யாங்கிசோய் அருங்காட்சியகம். எரியாமல் மிஞ்சிய தெற்குக் கூடம். அரசு பாதுகாப்பில் உள்ளது.' திருகாணி முடுக்கிய ஆளுக்கு ஓய்னிசா தேநீர் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, மாவு பிசைந்துகொண்டிருந்த கணவரிடம் போனாள்.

"வீட்டைக் குடுத்துட்டீங்க. என்னை ஏன் விட்டுவச்சீங்க?"

"வழக்கத்துக்குச் சொன்னதும்மா. அந்தாளு பதில் சொல்லலைன்னா நான் என்ன செய்வேன்?"

"நல்லவேளை, என்னைப் பாத்து அழகா இருக்கேன்னு சொல்லல."

"சொல்லலையே."

"அதான் வருத்தமா இருக்கு. என் சமையலையாவது ஒரு வார்த்தை சொன்னானா? சுவரைப் போயி மெச்சியிருக்கான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்போது அவர்களுக்குச் சிரிக்க முடிந்தது. எங்கோ தவறு நடந்திருக்கிறது, போய்ச் சொன்னால் தகட்டைக் கழற்றிவிடுவார்கள் என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

ஹம்ராகுல் நல்ல குல்லாயாகப் போட்டுக்கொண்டு ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனார். கையில் ஒரு மூட்டை ரொட்டி. முனவ்வர் ஹைதரோவ்னா ரொட்டியை வாங்கிக்கொண்டு, எழுதி முடித்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினார். தெற்குக் கூடம், வரைபடம் போட்ட பீட்டர்ஸ்பர்க் கட்டடச் சிற்பியின் முதிர்ந்த காலத்துப் படைப்பு. ஆடம்பரத்தில் சலிப்புற்ற கலைஞர் இங்கே வேண்டுமென்றே மண்சுவரையும் தாழ்ந்த கூரையையும் தேர்ந்தெடுத்தார். முற்றத்திலுள்ள தந்தூர், பிரதான கட்டடத்தின் குமிழ்க் கோபுரத்தினுடைய தலைகீழ் வடிவம். கோபுரத்துக்கு என்றைக்காவது ஆபத்து வரலாம் என்று முன்னுணர்ந்த சிற்பி, அதன் நகலை மண்ணுக்குள் பத்திரப்படுத்தினார். முகப்பு வாசல் வாய்க்காலுக்குள் திறந்தது நீரின்மேல் அவருக்கிருந்த பக்தி.

ஹம்ராகுல் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, அந்த வீட்டைக் கட்டினது எங்கப்பா. நான் சின்னப் பையனா இருக்கும்போது. வைக்கோல் போட்டு மண்ணை மிதிச்சது நானும் எங்கண்ணனும். அடுப்பு வச்சது என் கல்யாணத்துக்கு அப்புறம்."

"அப்படியா நெனைக்கிறீங்க?"

"நெனைக்கல அம்மா. மிதிச்சேன்."

"உஸ்தா, கண்ணால பாத்த சாட்சிங்கதான் வரலாற்றுலயே ரொம்பப் பலவீனமான ஆதாரம். நீங்க வேற அப்ப சின்னப் பிள்ளை, உங்க பேச்சை நான் எப்படி எடுத்துக்க முடியும்? ஒரு பத்திரம் கொண்டு வாங்க, பாக்குறேன்."

அந்தத் தெருவின் பழைய பத்திரங்கள் எல்லாம் அருங்காட்சியக ஆவண அறையில்தான் இருந்தன. அவை எரிந்துவிட்டன என்று சான்று கொடுக்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு. ஆணைக்குழுவோ எரிந்த ஆவணங்களின் பட்டியல் அந்த ஆவண அறையிலேயே இருந்ததால், எது எரிந்தது எது எரியவில்லை என்று எப்படிச் சான்று கொடுக்க முடியும் என்று கேட்டது. ஹம்ராகுலுக்கு இதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அந்த அம்மாள் எரிச்சல்படாமல் இரண்டு தரம் சொன்னதால் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

மறுவாரம் தீயணைப்புத் துறை மேஜர் தோல்கின் வந்தார். அருங்காட்சியகம் எரிந்ததற்காக அவருக்கு மேலிடத்தில் நல்ல திட்டு. இனி ஒரு புராதனச் சின்னத்துக்குள்ளும் ஒரு தீக்குச்சி எரியக்கூடாது என்று உத்தரவு. அவர் முற்றத்துக்குள் வந்தபோது ஹம்ராகுல் தந்தூருக்குள் தோள்வரை குனிந்து ரொட்டி அப்பிக்கொண்டிருந்தார்.

"இது என்னது?"

"தந்தூருங்க."

"உள்ள என்ன எரியுது?"

"நெருப்புங்க."

"ஒத்துக்கறீங்களா? நல்லது. நிறைய பேரு ஒத்துக்க மாட்டாங்க." மேஜர் மனம் நெகிழ்ந்துவிட்டார். "உஸ்தா, அன்னைக்குத் தீ பிடிச்சப்ப முதல் ஆளா ஓடி வந்தது நீங்கதான்னு எனக்குத் தெரியும். உங்களை நான் மறக்கல. அதனாலதான் வேற யாரையும் அனுப்பாம நானே சீல் வைக்க வந்திருக்கேன்."

ரொட்டி உள்ளே வேகும்போதே வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். இந்தத் தரம் தண்ணீருக்குக் குறைவில்லை. அடுப்பின் வாயில் இரும்பு மூடியைப் போட்டு, கம்பி கட்டி, அரக்கு வைத்தார்கள். மூடிக்கடியில் ஒரு ஈடு ரொட்டி பாதி வெந்தபடியே இருந்தது. ஓய்னிசா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். ரொட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்ததை அவளால் தாங்க முடியவில்லை. அந்த ஊரில் தரையில் கிடக்கிற ரொட்டித் துண்டைக்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சுவர்மேல் வைப்பார்கள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் ரொட்டிக்கு வந்தவர்கள் தகட்டைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஹம்ராகுலுக்கு வேறு தொழில் தெரியாது. நிலம் கிடையாது. இருக்கிற ஒரே மகள் தாஷ்கந்துச் சாலையில் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் குடியிருந்தாள். அங்கே தந்தூர் வைக்க ஒரு பிடி மண் கிடையாது. இந்த அடுப்பு திறந்தால் பிழைப்பு, திறக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அடுப்பை மூடிய கையோடு ஊழியர்கள் குடிவந்தார்கள். சின்னம் நிற்கிறது என்று ஆகிவிட்டதால் ஒருவர் வேலையும் போகவில்லை, ஆனால் உட்கார இடம் வேண்டுமே. மூன்று அறை வீட்டில் அறைக்கு ஏழெட்டுப் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னினார்கள். கெட்டவர்கள் இல்லை. ஓய்னிசாவுக்கு நூல் சிக்கெடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவள் மெத்தையை விரிக்கப் போனால் மட்டும் அவர்களின் மேற்பார்வையாளர் சனோபர் அக்கா தயக்கத்தோடு எழுந்து வருவாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்த மெத்தை இப்ப காட்சிப் பொருளு. நம்பர் போட்டாச்சு."

"அப்ப எங்க படுக்கிறது?"

"அஞ்சு மணிக்கு நாங்க போயிருவோம். அப்புறம் நீங்க எங்க படுத்தாலும் எனக்குத் தெரியாது. நான் பாத்தாத்தானே எழுதணும்."

ஹம்ராகுல் துணை ஹாக்கிமிடம் மனு கொடுத்தார். பொதுமக்கள் குறைகேட்கும் நாளில் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றார். துணை ஹாக்கிம் மெலிந்த, மிகவும் பண்பான மனிதர். எழுந்து நின்று கை கொடுத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், வீட்டில் எல்லோரும் சுகமா என்று மாடு கன்று வரைக்கும் விசாரித்தார்.

"உஸ்தா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. எங்க வேலை என்னன்னு நினைக்கிறீங்க? மக்கள் கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிறதுதான். தீர்த்து வைக்கிறது எங்க வேலையா இருந்தா, அதுக்குத் தனியா ஒரு துறை வச்சிருப்பாங்க இல்லையா? போன வருஷம் இந்த அறையில ஆயிரக்கணக்கான குறையைப் புரிஞ்சுக்கிட்டோம். மாகாணத்துலயே முதல் இடம்."

"அடுப்பை மட்டும் திறந்துவிடச் சொல்லுங்க ஐயா. வீடு வேணா அவங்க பேர்லயே இருக்கட்டும். காலையில ரெண்டு ஈடு சுட்டுட்டு அணைச்சிடுறேன்."

இதைச் சொல்லும்போது அவருக்கே தன்மேல் வெட்கமாக இருந்தது. சொந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அடுப்பை யாசகம் கேட்கிற நிலைமைக்கு ஒரு மனிதன் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறான் என்று அவருக்கு விளங்கவில்லை.

துணை ஹாக்கிம் கண்கலங்கிவிட்டார். "இந்தப் பெருந்தன்மைதான் நம்ம ஜனங்களோட குணம். இதையும் வரலாற்றுல சேக்கச் சொல்றேன்" என்று குறித்துக்கொண்டார்.

வரலாறு வசந்த காலத்தில் அச்சாகி வந்தது. பளபளப்பான தாள், கனமான அட்டை. வெளியீட்டு விழா தெற்குக் கூடத்தின் முற்றத்திலேயே நடந்தது. ஒரு பிரதி அமைச்சகத்துக்குப் போனது. அமைச்சகத்தில் யாரோ ஒருவர் உண்மையிலேயே படித்துவிட்டார். இது யாரும் எதிர்பார்க்காத விபத்து. கட்டடம் இவ்வளவு சிறப்பாக நிற்கிறது என்றால் புதுப்பிக்க எதற்குப் பணம் கேட்கிறீர்கள், தீ விபத்து என்று முன்பு அனுப்பிய அறிக்கை பொய்யா, பொய் என்றால் யார் பொறுப்பு என்று ஒரு கேள்விக் கடிதம் வந்தது.

ஆணைக்குழு இரண்டு நாள் கூடிப் பேசியது. தீ அறிக்கை பொய் என்று ஒத்துக்கொண்டால் வேலை போகும். உண்மை என்றால் புத்தகம் போகும். முனவ்வர் ஹைதரோவ்னா இரண்டாம் பதிப்பில் ஒரு சிறிய திருத்தம் செய்தார். தீ விபத்து பற்றிய கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டு, 'உள்ளூரில் நிலவும் ஒரு வதந்தி' என்று அடிக்குறிப்பில் சேர்த்தார். புதுப்பிக்கிற பணம் கிடைக்காமல் போனது. ஆனால் எல்லோர் வேலையும் நிலைத்தது. புல் விரிப்பு இருந்த இடத்தை ஹாக்கிமின் மைத்துனர் கார் நிறுத்துமிடமாகக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை என்பதால் அதற்கு ஆட்சேபம் வர வழியில்லை.

இந்தத் திருத்தம் ஹம்ராகுலைத் தேடிக்கொண்டு வந்தது. சலாஹிதீன் வாசிகோவிச் நேரிலேயே வந்து, வாசலில் நின்றபடி, கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"உஸ்தா, தீ பிடிக்கலைன்னா கட்டடம் எரியல. கட்டடம் எரியலைன்னா இது மிஞ்சின கூடம் இல்ல, இதுதான் அருங்காட்சியகமே. நூறு வருஷத்துக்கு மேல அரசாங்கக் கட்டடம். அதுக்குள்ள நீங்க இத்தனை காலம் எப்படிங்க குடியிருந்தீங்க?"

"ஐயா, நான் குடுத்ததுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அந்தக் காகிதத்தை ரத்து பண்ணிட்டோம். அரசாங்கச் சொத்தை நீங்க எப்படி அரசாங்கத்துக்கே குடுக்க முடியும்? அது குத்தம். உங்க நல்ல மனசுக்காக அதை நான் பெருசாக்காம விட்டுட்டேன். ஒரு மாசத்துல காலி பண்ணிக் குடுத்துடுங்க."

ஹம்ராகுல் தன் கருகிய புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் இன்னும் சரியாக முளைத்திருக்கவில்லை. அதைக் காட்டிச் சொல்லலாமா என்று நினைத்தார். அந்த மனிதர் கண் மூடியிருந்ததால் சும்மா இருந்துவிட்டார்.

மகள் வீட்டுக்குப் போனார்கள். மருமகன் நல்ல பையன், முகம் சுளிக்கவில்லை. ஆனால் மூன்றாம் தளத்தில் விடியற்காலையில் கண் விழித்து, செய்ய ஒன்றுமில்லாமல், பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று அசையாமல் படுத்துக்கிடப்பது ஹம்ராகுலுக்குக் கொடுமையாக இருந்தது. ஓய்னிசா கடை ரொட்டியைப் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். அவள் கேலி பேசுவது நின்றுபோயிருந்தது. அதுதான் அவரை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

இலையுதிர் காலத்தில் சனோபர் அக்கா ஆள் அனுப்பினாள். பேறுகால விடுப்பில் போன ஒரு பெண்ணின் இடம் காலியாம். முற்றத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு நாற்காலி, ஒரு நீலச் சட்டை. உஸ்தாவுக்குச் சம்மதமா?

"போகாதீங்க" என்றாள் ஓய்னிசா.

"அடுப்புப் பக்கத்துல உக்காரலாம் இல்ல" என்றார் அவர்.

போனார். இரும்பு மூடியை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டிருந்தார்கள்; பிறகு கண்ணாடி உடைந்து, கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் 'தலைகீழ்க் குமிழ். சிற்பியின் முதிர்காலப் படைப்பு' என்று பலகை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து எட்டிப் பார்த்தார்கள். யாராவது கேட்டால் பலகையில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும், கூட ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பது விதி. அவர் சொல்லவும் இல்லை. முதல் மாதம் சங்கடமாக இருந்தது, அப்புறம் பழகிப்போனது. அப்படிப் பழகியது அவருக்குப் பிடிக்கவில்லை.

முதியோருக்குச் சலுகைச் சீட்டு கொடுக்கிற ஒரு புதன்கிழமை ஓய்னிசா வந்தாள். வருவதாக அவரிடம் சொல்லவில்லை. நல்ல தலைத்துணி கட்டியிருந்தாள், கையில் சீட்டு. அன்றைக்கென்று சலாஹிதீன் வாசிகோவிச் தலைநகரத்து விருந்தினர்கள் சிலரை அழைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். சனோபர் அக்கா ஓய்னிசாவைப் பார்த்தாள், இயக்குநரைப் பார்த்தாள், பிறகு ஹம்ராகுலைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள்.

ஓய்னிசா யாரையும் கவனிக்கவில்லை. நேரே தந்தூரிடம் வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். வாயோரத்தில் ஒட்டடை படிந்து, எப்போதோ மழை நனைத்த மண் பொருக்கு விட்டிருந்தது. அவள் உச்சுக்கொட்டினாள். தலைத்துணியின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, கயிற்றுக்கு மேலாகக் குனிந்து, ஒட்டடையைத் துடைக்கப் போனாள்.

இயக்குநர் பேச்சை நிறுத்தினார். விருந்தினர்கள் திரும்பினார்கள்.

ஹம்ராகுல் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அம்மா, தொடக் கூடாதுங்க" என்றார்.

ஓய்னிசாவின் கை அப்படியே நின்றது. திரும்பி அவரைப் பார்த்தாள். நீலச் சட்டையை, சட்டையில் குத்தியிருந்த பெயர்த் தகட்டை, முளைக்காத புருவத்தை எல்லாம் பார்த்தாள். பிறகு தலைத்துணி நுனியை உதறி, திரும்பவும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள். "தெரியாமப் பண்ணிட்டேன்."

இயக்குநர் விட்ட இடத்திலிருந்து விளக்கத்தைத் தொடர்ந்தார். ஓய்னிசா மற்ற பார்வையாளர்களோடு சேர்ந்து, அம்புக்குறி காட்டிய வழியில், ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே வெளியே போனாள்.